கெண்டைக்கால் காயம்: வலி போன பிறகும் வீரர் ஏன் வெளியே உட்கார்ந்திருக்கிறார்?

நீங்கள் கேட்டிருப்பது ஒரு கேள்வி போலத் தெரிந்தாலும் அதற்குள் இரண்டு இருக்கின்றன. அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வில் அணி ஒன்று தன் வீரருக்குக் கெண்டைக்காலில் தசைக் கிழிவு என்று அறிவிக்கிறது. 2 வாரம் கழித்து மறுபரிசோதனை என்கிறது. ஒருவர் அதற்குள்ளாகவே களமிறங்கிவிடுகிறார், இன்னொருவர் ஒன்றரை மாதமாகியும் வருவதில்லை. ஏன் இந்த வேறுபாடு என்பது முதல் கேள்வி. 2019இல் கெவின் டுராண்டும் 2025இல் டைரீஸ் ஹாலிபர்டனும் கெண்டைக்கால் காயத்துக்குப் பிறகு இறுதிச் சுற்றில் ஆடி, அகில்லிஸ் தசைநாண் அறுந்து வெளியேறினார்களே, அவசரப்பட்டதுதான் காரணமா என்பது இரண்டாவது. முதல் கேள்விக்கு ஓரளவு உறுதியான பதில் உண்டு. இரண்டாவதற்கு, தொலைக்காட்சி விவாதங்களில் கேட்கிற அளவு உறுதியோடு யாராலும் பதில் சொல்ல முடியாது. நான் பிசியோதெரபிஸ்ட், பல ஆண்டுகளாகக் கூடைப்பந்து வீரர்களின் கால்களோடுதான் என் வேலை. ஆனால் இங்கே பெயர் சொல்லப்போகிற வீரர்களில் எவரையும் நான் பரிசோதித்ததில்லை, அவர்களுடைய ஸ்கேன்களைப் பார்த்ததும் இல்லை. அவர்களைப் பற்றிச் சொல்வதெல்லாம் பொதுவெளியில் பதிவானவை மட்டுமே.

கெண்டைக்கால் என்று நாம் ஒரே பெயரில் சொல்வது முக்கியமாக இரண்டு தசைகளை. மேலே தோலுக்கடியில் புடைத்துத் தெரிவது காஸ்ட்ராக்னீமியஸ். அது முழங்காலுக்கு மேலே தொடை எலும்பில் தொடங்குகிறது. ஆகவே முழங்கால், கணுக்கால் என்று இரண்டு மூட்டுகளைக் கடக்கிறது. அதற்கு அடியில் தட்டையாகப் படர்ந்திருப்பது சோலியஸ். அது முழங்காலுக்குக் கீழே தொடங்கி, கணுக்காலை மட்டும் இயக்குகிறது. இரண்டும் கீழே வந்து ஒன்றுசேர்ந்து அகில்லிஸ் தசைநாணாகிக் குதிகால் எலும்பில் முடிகின்றன. காஸ்ட்ராக்னீமியஸ் திடீர் விசைக்கு ஏற்ற இழைகளை அதிகம் கொண்டது. சோலியஸ் நாள் முழுக்கச் சலிக்காமல் உழைக்கும் இழைகளால் ஆனது. பார்வைக்கு அடக்கமாக இருந்தாலும் ஓட்டத்தில் பெரும் பாரத்தை ஏற்பது சோலியஸ்தான். ஓடும்போது அதன் மீது உடல் எடையைப் போல 6 முதல் 8 மடங்கு விசை விழுகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். 7 அடி உயரமும் 110 கிலோ எடையும் உள்ள ஒருவர் ஓடுகிறார் என்றால் அந்தத் தசை ஒவ்வோர் அடியிலும் என்ன தாங்குகிறது என்று நீங்களே பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம்.

இந்த இரண்டில் எது கிழிந்தது என்பதைப் பொறுத்துக் கதையே மாறும். காஸ்ட்ராக்னீமியஸ் கிழிந்தால் வீரருக்கு அந்தக் கணமே தெரியும். பின்னாலிருந்து யாரோ உதைத்ததுபோல உணர்ந்து திரும்பிப் பார்ப்பார். அங்கே யாரும் இருக்கமாட்டார்கள். இந்தத் தசைக்கு இரண்டு பிரிவுகள் உண்டு; பெரும்பாலும் உட்பக்கப் பிரிவுதான் கிழியும். நடக்கும்போது வலிக்கும், சில நாட்களில் ரத்தக்கட்டு கணுக்கால் வரை இறங்கி நீலம் பாரிக்கும். சோலியஸ் அப்படி அறிவித்துக்கொண்டு கிழிவதில்லை. "கால் கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறது" என்பார் வீரர். உடம்பு சூடேறியதும் அது தளர்ந்துவிடும், ஆட்டத்தையும் முடித்துவிடுவார். மறுநாள் காலை படியிறங்கும்போது காலை ஊன்ற முடியாது. அணிகளின் காயப்பட்டியலில் கெண்டைக்கால் இறுக்கம் என்று போடுகிறார்களே, அது சில சமயம் வெறும் களைப்பு, சில சமயம் சோலியஸில் உண்மையான கிழிவு. வெளியிலிருந்து பார்க்கும் ரசிகருக்கு இரண்டும் ஒரே சொல்தான்.

பரிசோதனை மேசையில் இதைப் பிரித்தறிவது கடினமல்ல, பொறுமைதான் வேண்டும். வீரரைக் குப்புறப் படுக்கவைத்து, பாதங்கள் மேசை விளிம்புக்கு வெளியே தொங்கும்படி விடுவேன். முழங்கால் நீட்டிய நிலையில் பாதத்தை என் கையை எதிர்த்து அழுத்தச் சொன்னால் இரண்டு தசைகளும் வேலை செய்யும். முழங்காலை மடக்கி அதையே செய்யச் சொன்னால் காஸ்ட்ராக்னீமியஸ் தளர்ந்துவிடும், சுமை சோலியஸுக்குப் போகும். மடக்கிய நிலையில் வலி கூடினால் என் கட்டைவிரல் ஆழத்தில், கணைக்கால் எலும்பின் ஓரமாகத் தேடத் தொடங்கும். பிறகு கெண்டைக்காலைக் கையால் பிசைந்து பாதம் தானாக அசைகிறதா என்று பார்ப்பேன். அசையவில்லை என்றால் தசைநாண் அறுந்திருக்கிறது, அது முற்றிலும் வேறு சிகிச்சை. காயத்தின் இடத்தையும் ஆழத்தையும் காண எம்.ஆர்.ஐ. தேவைப்படும். அல்ட்ராசவுண்ட் காஸ்ட்ராக்னீமியஸுக்கு நன்றாகப் பயன்படும். சோலியஸ் காயங்களை அது தவறவிடுவது உண்டு.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் உயிர் ஆபத்து இருக்கிறது. கெண்டைக்கால் வலி எல்லாமே தசைக் காயம் அல்ல. காலின் ஆழ்சிரைகளில் ரத்தம் உறைந்தாலும் இதே இடத்தில் இதே போன்ற வலி வரும். அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்துக்கொள்ளக்கூடும். தொழில்முறைக் கூடைப்பந்து வீரர்கள் உயரமானவர்கள், அடிக்கடி நீண்ட விமானப் பயணம் செய்பவர்கள், காயத்தால் காலை அசைக்காமல் வைத்திருக்க நேர்பவர்கள். இந்த மூன்றுமே ஆபத்தைக் கூட்டுபவை. என்.பி.ஏ. வீரர் டேமியன் லில்லார்டுக்கு 2025 மார்ச்சில் வலது கெண்டைக்காலில் ரத்த உறைவு இருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. கால் வீங்கி, சூடாகி, ஓய்விலும் வலித்தால், எந்தச் சம்பவமும் இல்லாமல் வலி தொடங்கியிருந்தால், பயிற்சியைப் பற்றிப் பேசுவதற்கு முன் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுத்தாக வேண்டும். முதுகெலும்பின் கீழ்ப்பகுதியில் நரம்பு அழுந்தினாலும் கெண்டைக்காலில் இறுக்கம் தெரியும் என்பதையும் கூடவே நினைவில் வைக்க வேண்டும்.

இனிக் குணமாவதைப் பற்றி. கிழிந்த இடத்தில் முதல் சில நாட்கள் ரத்தக்கசிவும் அழற்சியும் இருக்கும். அதன் பின் தசையின் இருப்புச் செல்கள் பெருகிப் புது இழைகளை உருவாக்கும். கூடவே வடுத் திசுவும் உருவாகி இரு விளிம்புகளையும் பிணைக்கும். அந்தப் பிணைப்பு இறுகி, விசை செல்லும் திசைக்கு ஏற்பத் தன்னை அடுக்கிக்கொள்ள வாரங்கள் ஆகும். நாண் போன்ற இணைப்புத் திசு கிழிந்திருந்தால் மாதங்கள்கூட ஆகும். வலியோ இதில் பாதி வேலை முடிவதற்கு முன்பே விடைபெற்றுவிடும். இந்தக் காயத்தில் நடக்கும் தவறான முடிவுகள் பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான் எடுக்கப்படுகின்றன.

முதல் இரண்டு மூன்று நாட்களில் செய்ய வேண்டியது குறைவு: அழுத்தக் கட்டு, காலை உயர்த்தி வைத்தல், இரண்டு காலணிகளிலும் குதிகாலுக்கு அடியில் சிறிய திண்டு, வலி தராத அளவு அசைவு. பனிக்கட்டி வலியைக் குறைக்கும். குணமாவதை வேகப்படுத்துமா என்பதற்கு நல்ல சான்று இல்லை. செய்யக்கூடாதவை இரண்டு. ஆழமாகப் பிசையும் மசாஜ் ஒன்று. காலை இழுத்து நீட்டுவது மற்றொன்று. இறுக்கமாக இருக்கிறது என்பதால் வீரர்கள் தாமாகவே மணிக்கணக்கில் அதைச் செய்வார்கள், கிழிந்த விளிம்புகளை மீண்டும் மீண்டும் விலக்குவதுதான் அதில் மிஞ்சும். அதே சமயம், முழு ஓய்வும் நல்லதல்ல. டென்மார்க்கில் நடந்து 2017இல் வெளியான ஓர் ஆய்வில், தொடை, கெண்டைக்கால் தசைக் காயமுற்ற 50 பேரை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு 2 நாள் கழித்தும் மற்றப் பிரிவுக்கு 9 நாள் கழித்தும் பயிற்சி தொடங்கினார்கள். சீக்கிரம் தொடங்கியவர்கள் ஏறத்தாழ 3 வாரம் முன்னதாகவே விளையாட்டுக்குத் திரும்பினார்கள். அவர்கள் தொழில்முறை வீரர்கள் அல்ல, எண்ணிக்கையும் சிறியது. ஆனாலும் சீக்கிரம், சிறிதாக, முறையாகப் பாரம் ஏற்றுவது நல்லது என்பதை நான் அன்றாடம் காண்கிறேன்; இதில் எனக்கு ஐயம் இல்லை.

பாரம் ஏறும் வரிசை ஏறக்குறைய எல்லா இடங்களிலும் ஒன்றுதான். அசையாமல் அழுத்திப் பிடிப்பதில் தொடங்கி, இரு காலில் குதிகாலை உயர்த்துவது, பிறகு ஒற்றைக்காலில், பிறகு எடை சுமந்து, பிறகு துள்ளல், கடைசியில் ஓட்டம். சோலியஸ் காயமென்றால் முழங்காலை மடக்கி உட்கார்ந்த நிலையில் செய்யும் பயிற்சிதான் நடுநாயகம். அங்கே எடையைப் பார்த்துத் தயங்கக்கூடாது. உடல் எடையைப் போல ஒன்றரை மடங்கைக் காயப்பட்ட ஒற்றைக்காலால் தூக்குவது வரை தொழில்முறை வீரர்களைக் கொண்டுபோவது வழக்கம். ஓட்டத்தில் அந்தத் தசை தாங்கும் விசையோடு ஒப்பிட்டால் அதுவே குறைவு.

இதில் எனக்கு மிகவும் சொல்லித்தருவது மிக எளிய சோதனைதான். வீரர் சுவரில் இரண்டு விரல் நுனிகளை மட்டும் வைத்து, ஒற்றைக்காலில் நின்று, சீரான தாளத்துக்கு ஏற்பக் குதிகாலை உயர்த்தி இறக்க வேண்டும். நான் பக்கவாட்டில் தரையோடு தரையாக உட்கார்ந்து பார்ப்பேன். முதல் பத்துப் பன்னிரண்டு தடவை இரண்டு கால்களுக்கும் வித்தியாசம் தெரியாது. அதன் பின் காயப்பட்ட காலின் குதிகால் ஒரு விரற்கடை தாழ்வாக நின்றுவிடும். நீட்டியிருக்க வேண்டிய முழங்கால் மெல்ல மடங்கும். பெருவிரல் பக்கம் இருந்த எடை சுண்டுவிரல் பக்கம் சாயும். இறங்கும்போது கட்டுப்பாடு போய், குதிகால் தரையில் பொத்தென்று விழும். வலிக்கிறதா என்று கேட்டால், இல்லை என்பார். அவர் பொய் சொல்லவில்லை. வலி உண்மையிலேயே இல்லை. காலுக்கு இன்னும் திறன் வரவில்லை, அவ்வளவுதான். இந்த நிலையில் ஒருவர் நின்ற இடத்திலிருந்து கூடைக்குப் பந்தைப் போட்டுக்காட்டினால் பார்ப்பவர்களுக்கு முழுமையாகக் குணமானவர் போலவே தெரிவார்.

ஓட்டத்துக்குத் திரும்புவதிலும் ஒரு பொறி இருக்கிறது. மெதுவான ஓட்டம் பாதுகாப்பானது, வேக ஓட்டம் ஆபத்தானது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். சோலியஸைப் பொறுத்தவரை மெதுவான நீண்ட ஓட்டம்தான் பல சமயம் அதை மீண்டும் சீண்டுகிறது. கால் தரையில் நீண்ட நேரம் தங்குகிறது, முழங்கால் மடங்கியே இருக்கிறது, ஓயாமல் அடி விழுகிறது. ஆகவே குறைந்த தூரம், இடையிடையே நடை, ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்றுதான் தொடங்குவோம். அணிகளிடம் உடல் எடையின் ஒரு பகுதியைக் காற்றழுத்தத்தால் தாங்கிக்கொள்ளும் ஓடுபொறி இருக்கும். அதில் பாதி எடையில் தொடங்கி ஏற்றலாம். ஒவ்வொரு படியிலும் முடிவு சொல்வது மறுநாள் காலைதான். பயிற்சியின்போது நன்றாக இருந்தது என்பதற்குப் பெரிய மதிப்பில்லை. 24 மணி நேரம் கழித்து எழுந்து முதல் பத்தடி எப்படி நடக்கிறார் என்பதுதான் எனக்கு வேண்டும்.

கூடைப்பந்துக்கே உரிய சிக்கல் இதற்குப் பிறகுதான் வருகிறது. ஓட்டப்பந்தய வீரரைப் போல ஒரே திசையில் ஒரே தாளத்தில் இவர் ஓடப்போவதில்லை. பந்தோடு அசையாமல் நின்றுவிட்டுத் திடீரென்று முன்னே பாய்கிறார்; பாய்வதற்கு முன் ஒரு காலைப் பின்னே வைக்கிறார். அந்தக் கணத்தில் பின்னங்கால் முழங்கால் ஏறத்தாழ நீண்டிருக்கிறது, குதிகால் தரையை நோக்கி அழுந்துகிறது, முழு உடல் எடையும் முன்னே தள்ளப்படுகிறது. தசை நீளும்போதே சுருங்கவும் வேண்டும். கெண்டைக்காலுக்கும் அகில்லிஸ் தசைநாணுக்கும் இதைவிடக் கடினமான நிலை கிடையாது. டுராண்ட், ஹாலிபர்டன் இருவருக்கும் தசைநாண் அறுந்த காட்சிகளை மறுபடி பார்த்தால், இருவரும் பந்தோடு முன்னே தள்ளும் அந்த முதல் அடியில் இருப்பதைக் காணலாம். ஆகவே களத்துக்குத் திரும்பும் முன் இந்த அடியைத்தான் நூறு விதமாக, களைத்த நிலையிலும், எதிரே ஆள் இருக்கும்போதும், அடுத்தடுத்த நாட்களிலும் செய்து பார்க்க வேண்டும். ஆட்டத்தின் நடுவே பெஞ்சில் உட்கார்ந்து குளிர்ந்த காலோடு மீண்டும் உள்ளே போவதையும் ஒத்திகை பார்க்க வேண்டும். பலரும் மறந்துவிடுவது இதைத்தான்.

சரி, எத்தனை நாள்? சிறிய கிழிவு என்றால் 1 முதல் 3 வாரம், நடுத்தரமானது 3 முதல் 6 வாரம், பெரியது பல மாதம் என்று புத்தகங்களில் இருக்கும். அதை மிகத் தோராயமாக மட்டுமே எடுத்துக்கொள்ளுங்கள். கிழிவின் அளவைவிட அது இருக்கும் இடம் அதிகம் சொல்கிறது. தசையின் ஓரத்து உறையில் கிழிந்தால் விரைவில் ஆறும். தசைக்குள்ளேயே ஓடும் நாணில் கிழிவு பாய்ந்திருந்தால் அதே அளவு கிழிவுக்கு இரண்டு மடங்கு காலம்கூட ஆகலாம். பிரிட்டிஷ் தடகள அமைப்பின் மருத்துவர்கள் 2014இல் வெளியிட்ட வகைப்பாடு இதற்காகவே கிழிவின் அளவுக்கு ஓர் எண்ணும் இடத்துக்கு ஓர் எழுத்தும் கொடுக்கிறது. லூகா டான்சிச் நல்ல எடுத்துக்காட்டு. 2022 ஏப்ரல் 10 அன்று இடது கெண்டைக்காலில் காயமுற்று, பிளேஆஃப் எனப்படும், பருவ முடிவில் கோப்பைக்காக நடக்கும் தொடரின் முதல் 3 ஆட்டங்களைத் தவறவிட்டு, ஏப்ரல் 23 அன்று திரும்பினார். 2024 டிசம்பர் 25 அன்று அதே இடது கெண்டைக்காலில் மீண்டும் காயம். திரும்பியது 2025 பிப்ரவரி 10 அன்று, அதற்குள் அணியே மாறி லேக்கர்ஸ் சட்டையில். ஒரே ஆள், ஒரே கால். முதல் தடவை 13 நாள், இரண்டாம் தடவை 47 நாள். யானிஸ் அன்டெடோகுன்போவுக்கு 2024 ஏப்ரல் 9 அன்று யாரும் மோதாமலேயே இடது சோலியஸில் காயம் பட்டது. இண்டியானாவுக்கு எதிரான முதல் சுற்றின் 6 ஆட்டங்களில் ஒன்றில்கூட அவரால் ஆட முடியவில்லை. இந்தத் தேதிகளை வைத்து யாருக்குக் காயம் பெரியது என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. அட்டவணையும் அவசரமும் சேர்ந்துதான் தேதிகளை உருவாக்குகின்றன.

மீண்டும் வருவது இந்தக் காயத்தின் சுபாவம். முன்பு ஒருமுறை கெண்டைக்காலில் காயம் பட்டிருப்பதும் வயது கூடுவதும் அடுத்த காயத்துக்கான மிக வலுவான காரணிகள் என்பது பல விளையாட்டுகளின் ஆய்வுகளிலும் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. குறிப்பாக ஆஸ்திரேலியக் கால்பந்தில் சோலியஸ் காயங்களை எம்.ஆர்.ஐ. மூலம் நன்றாகவே பின்தொடர்ந்திருக்கிறார்கள். ஆகவே திரும்பிய முதல் ஆட்டத்தோடு சிகிச்சை முடிந்ததாக நான் கருதுவதில்லை. வாரத்துக்கு இரண்டு நாள் கனமான குதிகால் பயிற்சி அந்தப் பருவம் முடியும் வரை தொடர வேண்டும். 82 ஆட்டங்கள் கொண்ட பருவத்தில், பயணத்துக்கும் ஆட்டத்துக்கும் நடுவே, முதலில் கைவிடப்படுவது இதுதான்.

இனி இரண்டாவது கேள்வி. நடந்தது என்ன என்பதில் சந்தேகம் இல்லை. டுராண்ட் 2019 மே 8 அன்று ஹூஸ்டனுக்கு எதிரான ஆட்டத்தில் வலது கெண்டைக்காலில் காயமுற்று 9 ஆட்டங்களைத் தவறவிட்டார். 33 நாள் கழித்து, ஜூன் 10 அன்று, டொராண்டோவுக்கு எதிரான இறுதிச் சுற்றின் 5ஆம் ஆட்டத்தில் இறங்கி, சுமார் 12 நிமிடம் ஆடி, 11 புள்ளிகள் எடுத்த நிலையில் அதே காலின் அகில்லிஸ் தசைநாண் அறுந்தது. அடுத்த பருவம் முழுவதையும் இழந்தார். ஹாலிபர்டனுக்கு 2025 ஜூன் 16 அன்று இறுதிச் சுற்றின் 5ஆம் ஆட்டத்தில் வலது கெண்டைக்காலில் கிழிவு. ஜூன் 19 அன்று 6ஆம் ஆட்டத்தில் ஆடி அணி வென்றது. ஜூன் 22 அன்று 7ஆம் ஆட்டத்தின் முதல் கால்பகுதியில், 9 புள்ளிகள் எடுத்த பின், அதே காலில் தசைநாண் அறுந்தது. ஒருவர் ஒரு மாதம் ஓய்ந்தவர், இன்னொருவர் மூன்று நாளில் திரும்பியவர். இந்த வித்தியாசத்தைக் கவனிக்காமல் இருவரையும் ஒரே மூட்டையாகக் கட்டுவது சரியல்ல.

தொடர்பு இருக்கலாம் என்று நினைக்க நியாயங்கள் உண்டு. தசையும் நாணும் ஒரே தொடர். காயப்பட்ட தசை விசையை உள்வாங்க முடியாதபோது நாணின் ஒரு பகுதி மீது பாரம் சமமில்லாமல் விழலாம். கெண்டைக்கால் வலியும் பலவீனமான நாணும் ஒரே அதிகச் சுமையின் இரண்டு விளைவுகளாகவும் இருக்கலாம். அப்படியானால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் ஆகாது, இரண்டுமே ஒரே எச்சரிக்கை. தசை நாணோடு சேரும் தாழ்வான இடத்தில் வலி இருந்தால், தசைக் காயம் என்று பெயரிடப்பட்டது நாணின் ஆரம்பக் கிழிவாகவே இருந்திருக்கவும் வாய்ப்புண்டு. இவையெல்லாம் ஏற்கத்தக்க ஊகங்கள், நிரூபிக்கப்பட்டவை அல்ல.

எதிர்ப்பக்கத்திலும் கனமான செய்திகள் இருக்கின்றன. அறுந்த தசைநாண்களை நுண்ணோக்கியில் ஆராய்ந்து 1991இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று, ஏறத்தாழ அவை அனைத்திலும் பழைய சிதைவு இருந்ததைக் கண்டது. அந்த மனிதர்களில் பெரும்பாலோருக்கு முன்னால் எந்த வலியும் இருந்ததில்லை. அதாவது, அறுக்கும் அடி ஒரு கணத்தில் விழுந்தாலும் நலிவு நெடுநாளாக உள்ளே நடந்துகொண்டிருக்கிறது. 2025 மே மாதம் தசைநாண் அறுந்த ஜேசன் டேட்டமுக்கு அதற்கு முன் கெண்டைக்கால் காயம் எதுவும் அறிவிக்கப்படவில்லை. மேலே சொன்ன லில்லார்டுக்கு ரத்த உறைவு வலது காலில். ஏப்ரல் 27 அன்று அறுந்ததோ இடது காலின் நாண். ஒவ்வொரு பருவத்திலும் கெண்டைக்கால் காயத்திலிருந்து திரும்பும் வீரர்கள் ஏராளம். அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு நாண் அறுவதில்லை, அவர்களைப் பற்றிச் செய்தியும் வருவதில்லை. இறுதிச் சுற்றில் கோடிக்கணக்கானோர் பார்க்க நடந்த இரண்டு சம்பவங்கள் நம் மனதில் ஒரு விதியாக மாறிவிட்டன.

என் தீர்மானம் இது: மூன்று நாளில் திரும்புவது, நடுத்தரக் கிழிவு என்றால், தசைக்கே ஆபத்து. அது மேலும் பெரிதாகக் கிழியும் வாய்ப்பு உறுதியாகக் கூடுகிறது. நாணுக்கும் ஆபத்து கூடுகிறதா என்றால், கூடலாம் என்று நான் எண்ணுகிறேன். எவ்வளவு என்று எண் சொல்பவர்களை நம்பமாட்டேன். 33 நாள் என்பதோ காகிதத்தில் நியாயமான காலம்தான். அங்கே கேட்க வேண்டியது நாட்களை அல்ல, அந்த நாட்களுக்குள் எத்தனை முழுவேகப் பயிற்சிகள் நடந்தன என்பதை. பிளேஆஃப் காலத்தில் அணிக்கே முழுப் பயிற்சி செய்ய நேரம் கிடைப்பதில்லை. காயத்திலிருந்து மீள்பவருக்கு ஐந்துக்கு ஐந்து ஆட எதிராளிகளே கிடைப்பதில்லை. அதனால் முதல் உண்மையான சோதனையே உலகின் மிகக் கடினமான ஆட்டமாகிவிடுகிறது. நிமிட வரம்பு வைத்து ஆடவிடுவது பாதுகாப்பு என்று பலரும் நம்புகிறார்கள். வரம்பு நேரத்தைக் குறைக்கும், முதல் அடியின் விசையைக் குறைக்காது. டுராண்ட் ஆடியதே 12 நிமிடம்தான்.

ஊசிகளைப் பற்றியும் கேட்பீர்கள் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். வீரரின் சொந்த ரத்தத்திலிருந்து தட்டணுக்களைப் பிரித்தெடுத்துச் செலுத்தும் சிகிச்சை பிரபலமானது. தொடையின் பின்தசைக் காயத்தில் அதை வெறும் உப்புநீர் ஊசியோடு ஒப்பிட்டு 2014இல் வெளியான டச்சு ஆய்வில் எந்தப் பயனும் தெரியவில்லை. கெண்டைக்காலில் வேறுவிதமாக நடக்கும் என்று எதிர்பார்க்கக் காரணம் இல்லை. அகில்லிஸ் நாணுக்கு அருகே ஸ்டீராய்டு ஊசி போடுவதை நான் எதிர்ப்பேன். வலியை மரத்துப்போகச் செய்து ஆடவிடுவதும் அப்படியே, ஏனென்றால் இங்கே நமக்கு மிஞ்சியிருக்கும் ஒரே எச்சரிக்கை மணி வலிதான். சிப்ரோபிளாக்சசின் வகை நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் தசைநாண் அறுபடும் ஆபத்தைக் கூட்டுபவை என்பது நன்கு அறியப்பட்டது. வேறு நோய்க்காக அவற்றை உட்கொண்ட வீரர் அதை அணி மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

ஹாலிபர்டன் தன் முடிவுக்காக வருந்தவில்லை என்று பின்னர் வெளிப்படையாகவே எழுதினார். அதை நான் மதிக்கிறேன். வாழ்வில் ஒருமுறை வாய்க்கக்கூடிய 7ஆம் ஆட்டத்துக்காக ஆபத்தை ஏற்பது வளர்ந்த ஒருவரின் உரிமை. மருத்துவக் குழுவின் கடமை அவரைத் தடுப்பதோ ஊக்குவிப்பதோ அல்ல. எது உறுதி, எது ஊகம் என்று பிரித்து, அவருடைய ஸ்கேனையும் குதிகால் உயர்த்தும் எண்ணிக்கையையும் முன்னால் வைத்து, புரியும் மொழியில் சொல்வது. அணிக்குச் சம்பளம் கொடுப்பவரே மருத்துவருக்கும் கொடுக்கிறார் என்பதால், வீரருக்கு வெளியிலிருந்து இரண்டாவது மருத்துவக் கருத்து கிடைப்பது மிக அவசியம் என்று நினைக்கிறேன்.

நீங்கள் அடுத்த முறை ஓர் அணியின் அறிவிப்பைப் படிக்கும்போது, "2 வாரத்தில் மறுபரிசோதனை" என்பதை 2 வாரத்தில் திரும்புகிறார் என்று வாசிக்காதீர்கள். அன்றைக்கு மீண்டும் பார்ப்பார்கள் என்பது மட்டுமே அதன் பொருள். சோலியஸ் என்று பெயர் சொல்லியிருந்தால் கொஞ்சம் கூடுதல் காலத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அதே காலில் முன்பும் காயம் என்றால் இன்னும் கூடுதலாக. ஆட்டத்துக்கு முன் அவர் நின்றபடி பந்து எறியும் காணொளியை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். அணியோடு முழுப் பயிற்சியில் கலந்துகொண்டார், மறுநாளும் கலந்துகொண்டார் என்ற செய்தி வரும்போது நம்பத் தொடங்கலாம்.